லிப்பிடா, பாலிமரா, நெபுலைசரா? நுரையீரல் புற்றுக்கான மரபணு முடக்க மருந்தை எதில் ஏற்றி அனுப்புவது

முதலாம் ஆண்டு பிஎச்டி மாணவி ஒருத்தி போன மாதம் நாலு பக்க ஆய்வுத் திட்டத்தை என் மேசையில் வைத்துவிட்டு எதிரே நின்றாள். "மேம், லிப்பிட்ல போகட்டுமா, கைட்டோசான்ல போகட்டுமா? நீங்க ஒண்ணு சொல்லிட்டீங்கன்னா இன்னைக்கே ஆர்டர் போட்டுடுவேன்."

நுரையீரல் புற்றில் கேராஸ் என்ற மரபணுவை முடக்கும் மருந்தை நானோ துகளில் ஏற்றி அனுப்புவது அவள் தலைப்பு. லிப்பிட் என்பது கொழுப்பு, கைட்டோசான் ஒரு பாலிமர்; அந்தத் துகளை எதில் செய்வது என்பதுதான் அவள் கேள்வி. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் துகளைப் பற்றியே இருந்தது. அதன் அளவு, மின்னூட்டம், தயாரிப்பு முறை எல்லாம் விரிவாக எழுதியிருந்தாள். கட்டியைப் பற்றி ஒரே வரி: "ஏ549 செல்களில் சோதிக்கப்படும்." அவள் மருந்தாக வடிவமைத்திருந்த ஆர்என்ஏ, கேராஸின் ஜி12டி என்ற திரிபைத் தேடிப் பிடிப்பது. ஏ549 என்ற ஆய்வக நுரையீரல் புற்று செல்லில் இருப்பதோ ஜி12எஸ் என்ற வேறு திரிபு. அந்த மரபணுவில் 12ஆவது இடத்துக்கான மூன்றெழுத்து இயல்பாக ஜிஜிடி. ஜி12டி-யில் அது ஜிஏடி ஆகிறது, ஜி12எஸ்-இல் ஏஜிடி ஆகிறது. இயல்பிலிருந்து ஒவ்வொன்றிலும் மாறுவது ஓர் எழுத்துதான், ஆனால் அந்த ஓர் எழுத்தை நம்பித்தான் அவள் மருந்து முழுவதும் நிற்கிறது. ஏ427 மாதிரி ஜி12டி உள்ள செல்லை எடுக்காவிட்டால், எவ்வளவு அருமையான துகளைச் செய்தாலும் ஆறு மாதம் வீண்.

எந்த ஊருக்குப் போகிறோம் என்று முடிவாகாமல் பஸ்ஸா ரயிலா என்று கேட்கிற மாதிரி இருந்தது அவள் கேள்வி. அன்று அவளிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே பொறுமையாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்கிற மற்ற மாணவர்களுக்கும் இது உதவும். "நானோ சிகிச்சை வந்துவிட்டதாமே" என்று செய்தி படித்துவிட்டுக் கேட்கிற குடும்பங்களுக்கும் கடைசியில் சில வரிகள் இருக்கின்றன.

முடக்குவது என்றால் என்ன

1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு சின்னப் புழுவில் இரட்டை இழை ஆர்என்ஏவைச் செலுத்தி, அதற்குப் பொருந்தும் மரபணு வாயடைத்துப் போவதைக் காட்டினார்கள். 2006இல் அதற்கு நோபல் பரிசு. அதற்கு முன்பே, 2001இல், 21 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏவால் மனித செல்லிலும் இதைச் செய்யலாம் என்பது தெரிந்துவிட்டது. ஆய்வகத்தில் அதை எஸ்ஐஆர்என்ஏ என்போம். செல்லுக்குள் ரிஸ்க் என்ற புரதத் தொகுதி அதன் ஓர் இழையை எடுத்து வைத்துக்கொள்கிறது. அந்த இழைக்குப் பொருத்தமான தூது ஆர்என்ஏ எதிரே வந்தால் வெட்டுகிறது, அதை விட்டுவிட்டு அடுத்ததை வெட்டுகிறது. செய்தி போய்ச் சேராததால் புரதம் உருவாவதில்லை.

நுரையீரல் புற்றில் இதற்கு ஏன் இத்தனை ஆசை என்பதற்குக் கேராஸே நல்ல காரணம். வழக்கமான மாத்திரை ஒரு புரதத்தை அடக்க வேண்டுமானால் அந்தப் புரதத்தில் மருந்து போய் உட்கார ஒரு குழி வேண்டும். கேராஸ் வழுவழுப்பான புரதம். முப்பது வருஷத்துக்கு மேல் அதை யாராலும் பிடிக்க முடியவில்லை. 2021இல்தான் ஜி12சி திரிபுக்கு சோட்டோராசிப் ஒப்புதல் பெற்றது, அடுத்த ஆண்டு அடாக்ராசிப். எஸ்ஐஆர்என்ஏவுக்குக் குழி தேவையில்லை, எழுத்து வரிசை தெரிந்தால் போதும். மாத்திரைக்கு மசியாத எந்தப் புரதத்தையும் அது உருவாகும் முன்பே நிறுத்தலாம் என்பதுதான் இதிலுள்ள கவர்ச்சி.

தாளில் எழுதிப் பார்க்க எல்லாம் சுலபமாக இருக்கிறது. உடம்புக்குள் போனதும் கதை மாறுகிறது.

வழியில் எவ்வளவு தொலைகிறது

வெறும் எஸ்ஐஆர்என்ஏவை ரத்தத்தில் விட்டால் நொதிகள் நிமிஷக் கணக்கில் அரித்துவிடும், மிச்சத்தைச் சிறுநீரகம் வடித்து வெளியே தள்ளும். முதுகெலும்பு நெடுகச் சுமார் நாற்பது எதிர்மின்னூட்டம் சுமந்து திரியும் மூலக்கூறு அது. செல்லின் சவ்வும் எதிர்மின்னூட்டம் கொண்டது. தானாக உள்ளே நுழைய வாய்ப்பே இல்லை. அதனால்தான் நானோ துகள் என்ற உறை வேண்டியிருக்கிறது.

உறை போட்டாலும் இழப்பு நிற்பதில்லை. 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பத்தாண்டு கால நானோ துகள் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தது. நரம்பில் ஏற்றிய அளவில் கட்டியைச் சென்றடைந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். மீதியில் பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. கட்டி செல்லுக்குள் நுழைந்த துகளும் நேராக வேலைக்குப் போவதில்லை. எண்டோசோம் என்ற பைக்குள் அடைபடுகிறது. லிப்பிட் துகளில் இருந்த எஸ்ஐஆர்என்ஏவில் 1 முதல் 2 சதவீதம்தான் அந்தப் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது என்று 2013இல் அளந்து காட்டினார்கள். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். பத்தாயிரத்தில் ஒன்று தேறுவதே பெரிய காரியம்.

அந்த ஒன்று திரும்பத் திரும்ப வெட்டும் என்பதால்தான் இந்தத் துறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

மாணவர்கள் கவனிக்கத் தவறும் இன்னொரு விஷயம் உண்டு. கல்லீரலில் வேலை செய்யும் எஸ்ஐஆர்என்ஏ மருந்தான, கொலஸ்ட்ராலுக்கான இன்க்ளிசிரான் ஊசியைத் தொடக்கத் தவணைகளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்று படித்துவிட்டு, புற்றுக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல்லீரல் செல் அரிதாகத்தான் பிரிகிறது, உள்ளே போன மருந்து அங்கேயே தங்குகிறது. கட்டி செல் பிரிந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பிரிதலிலும் மருந்து பாதிப் பாதியாகப் பங்காகிவிடும். வேகமாகப் பெருகும் செல்லில் முடக்கம் ஏறக்குறைய ஒரு வாரம் நிற்கும். ஆகவே புற்றுக்கு என்றால் அடிக்கடி கொடுத்தாக வேண்டும். எந்தத் தாங்கியை, அதாவது மருந்தைச் சுமக்கும் உறையை, எடுப்பது என்று பார்க்கும்போது, பத்தாவது முறை கொடுக்கும்போதும் உடம்பு அதைத் தாங்குமா என்ற கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

லிப்பிட் துகள்: நன்றாகத் தெரிந்த பாதை

2018 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பாட்டிசிரான்தான் உலகின் முதல் எஸ்ஐஆர்என்ஏ மருந்து. புற்றுக்கானது அல்ல, பரம்பரை அமிலாய்டு நோய்க்கானது. அதன் உறையில் நாலு பொருள்: அமிலத்தில் மட்டும் நேர்மின்னூட்டம் பெறும் லிப்பிட் 50 பங்கு, பாஸ்போலிப்பிட் 10, கொலஸ்ட்ரால் 38.5, பெக் என்ற பாலிமர் ஒட்டிய லிப்பிட் 1.5. கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளும் இதே குடும்பம்தான்.

இதைச் செய்யும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் மேல் ஒரு பிரியம் வந்துவிடும். லிப்பிட்கள் எத்தனாலில், ஆர்என்ஏ பிஹெச் 4 சிட்ரேட் கரைசலில். இரண்டும் தலைமுடி பருமனுள்ள வாய்க்காலில் சந்திக்கிற கணத்தில் துகள் தானாகக் கூடிக்கொள்கிறது. பிறகு எத்தனாலையும் அமிலத்தையும் டயாலிசிஸில் கழுவி எடுத்தால், குழாயில் லேசான நீலச் சாயலோடு பளபளக்கும் தெளிந்த நீர் நிற்கும். அந்த நீலம் தெரிந்தால் துகள் சின்னதாக, சீராக வந்திருக்கிறது என்று கருவியில் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே மனசு சொல்லிவிடும். ரத்தத்தில் மின்னூட்டம் இல்லாமல் சாதுவாகப் போய், எண்டோசோமின் அமிலத்தில் நேர்மின்னூட்டம் பெற்று அந்தப் பையின் சவ்வைக் குலைக்கிறது. அது கழுவிய பின் சாதுவாவதும் பையில் முரடாவதும் ஒரே லிப்பிடின் ஒரே குணத்தால்தான்.

இதன் குறை, கல்லீரல். ரத்தத்தில் கலந்ததும் ஏபோ-ஈ என்ற புரதம் துகளின் மேல் ஒட்டிக்கொள்கிறது, கல்லீரல் செல்கள் அதைப் பார்த்துத் தம் ஆள் என்று உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அமிலாய்டு மருந்து வேலை செய்ய வேண்டிய இடமே கல்லீரல் என்பதால் அதற்கு இது வரம், நுரையீரல் கட்டிக்கு இதுவே தடை.

இந்தத் தடைக்கு 2020இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தில் டேனியல் சீக்வார்ட் குழு ஒரு வழி காட்டியது. நாலு பொருளோடு ஐந்தாவதாக, எப்போதும் நேர்மின்னூட்டத்திலேயே இருக்கும் டோட்டாப் என்ற லிப்பிடைக் கணிசமாகச் சேர்த்தால், எலியில் துகள் கல்லீரலை விட்டு நுரையீரலுக்குத் திரும்புகிறது. மேலே ஒட்டும் புரதம் மாறிவிடுகிறது, விட்ரோநெக்டின் வந்து சேர்கிறது, அது வேறு வாசலைத் தட்டுகிறது. முதலில் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நடந்தேன். இத்தனை வருஷப் பிரச்சினைக்கு இத்தனை எளிய பதிலா!

பிறகு நிதானமாகப் பார்த்தால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. முதலாவது, நுரையீரலைச் சேர்ந்த துகளில் பெரும்பங்கை ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் எடுத்துக்கொள்கின்றன. நுரையீரலில் இருக்கிறது என்பதற்கும் கட்டி செல்லுக்குள் இருக்கிறது என்பதற்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. முழு நுரையீரலை அரைத்து அளந்து "80 சதவீதம் சேர்ந்தது" என்று எழுதும் கட்டுரைகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன். இரண்டாவது, ரத்தம் உறைதல். பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2024இல், நேர்மின்னூட்டத்தால் நுரையீரலுக்குத் திருப்பிய துகள்கள் ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜென் புரதத்தைப் பிடித்துக்கொண்டு உறைகட்டியை உண்டாக்குவதைக் காட்டியது, அதைத் தணிக்கும் வழிகளையும் சேர்த்தே சொன்னது. நுரையீரல் புற்று நோயாளிக்கு ரத்தம் உறையும் ஆபத்து முன்பே அதிகம். இங்கே இதைச் சின்ன விஷயமாகத் தள்ள முடியாது.

மனிதரில் இதற்கு நெருங்கிய முன்னுதாரணம் அமெரிக்காவின் எம்டி ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் நடந்த, டஸ்க்2 என்ற மரபணுவுக்கான சோதனை. டோட்டாப்பும் கொலஸ்ட்ராலும் சேர்ந்த துகளில், முற்றிய நுரையீரல் புற்று நோயாளிகளுக்கு நரம்பு வழியாக மரபணு கொடுத்தார்கள். 2012இல் முடிவு வெளியானது. அது மரபணுவை முடக்கியதல்ல, இழந்த மரபணுவைத் திரும்பக் கொடுத்தது. ஆனாலும் கட்டியிலிருந்து எடுத்த திசுவில் மரபணு போய்ச் சேர்ந்திருந்தது. காய்ச்சல் போன்ற எதிர்வினைகளை அடக்க முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஸ்டீராய்டை இங்கே கவனித்தாக வேண்டும். பாட்டிசிரானுக்கும் ஒவ்வொரு முறையும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, பாரசிட்டமால், ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகள் எல்லாம் முதலில் போகும். இன்று நுரையீரல் புற்றில் பலருக்கும் தடுப்பாற்றல் சிகிச்சை நடக்கிறது. அதைத் தொடங்கும் சமயத்தில் ஸ்டீராய்டில் இருந்தவர்களுக்குப் பலன் குறைவாகக் காணப்பட்டிருக்கிறது. அவர்கள் முன்பே கூடுதலாக நோயுற்றிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியானாலும், தாங்கியைத் தேர்வு செய்யும்போது நோயாளி ஏற்கெனவே என்ன சிகிச்சையில் இருக்கிறார் என்பதும் கணக்கில் வந்துவிடுகிறது.

பாலிமர்: முதலில் வந்தது, பின்னால் நிற்கிறது

மனிதரின் கட்டியில் மரபணு முடக்கம் உண்மையாகவே நடந்தது என்று முதன்முதலில் நிரூபித்தது லிப்பிட் அல்ல, பாலிமர். கால்டெக்கில் மார்க் டேவிஸ் உருவாக்கிய கேலா-01 துகள் சைக்ளோடெக்ஸ்ட்ரின் பாலிமரால் ஆனது. மேலே டிரான்ஸ்ஃபெரின் புரதம், உள்ளே ஆர்ஆர்எம்2 மரபணுவுக்கு எதிரான எஸ்ஐஆர்என்ஏ. மெலனோமா என்ற தோல் புற்று நோயாளிகளின் கட்டித் திசுவில் துகளும் இருந்தது. தூது ஆர்என்ஏ எந்த இடத்தில் வெட்டுப்பட வேண்டுமோ மிகச் சரியாக அதே இடத்தில் வெட்டுப்பட்டும் இருந்தது. 2010இல் வந்த அந்தக் கட்டுரை என் தலைமுறை ஆய்வாளர்களுக்குக் கொடுத்த தெம்பு கொஞ்சநஞ்சமல்ல. மருந்தாக அது கரை சேரவில்லை, 2012இல் சோதனை நிறுத்தப்பட்டது. அது காட்டிய நிரூபணம் மட்டும் அப்படியே நிற்கிறது.

நுரையீரல் புற்றுக்கென்றே எடுத்துக்கொண்டால், 2014இல் எம்ஐடியில் டைலர் ஜாக்ஸ், டேனியல் ஆண்டர்சன் குழுக்கள் செய்த வேலையை எந்த மாணவரும் படிக்காமல் தொடங்கக் கூடாது. 7சி1 என்ற அவர்களுடைய துகள் பாதி பாலிமர், பாதி லிப்பிட்: சிறிய பாலிஎத்திலீனிமைன் மூலக்கூறில் கொழுப்பு வால்களை ஒட்டியது. உள்ளே கேராஸுக்கு எதிரான எஸ்ஐஆர்என்ஏவும் மிர்-34ஏ என்ற நுண் ஆர்என்ஏவும் ஒன்றாக. எலிகளுக்குக் கேராஸ் ஜி12டி திரிபும் பி53 என்ற புற்றுத்தடுப்பு மரபணுவின் இழப்பும் கொடுத்து, நுரையீரலிலேயே கட்டி முளைக்க வைத்தார்கள். இரண்டு ஆர்என்ஏவும் சேர்ந்தபோது தனித்தனியாகக் கொடுத்ததைவிட நல்ல பலன், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தோடு சேர்த்தபோது ஆயுளும் நீண்டது. முதுகுத் தோலுக்கடியில் கட்டியை வளர்த்து ஊசியை அதன் பக்கத்திலேயே குத்திவிட்டு "நுரையீரல் புற்றில் வெற்றி" என்று எழுதுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

சாதாரண பாலிஎத்திலீனிமைன் ஆய்வகத் தட்டில் அருமையாக வேலை செய்யும், உடம்பில் செல்லைக் கொல்லும். கைட்டோசான் சாதுவானது, இறால் ஓட்டிலிருந்து மலிவாகக் கிடைக்கும், சளிப்படலத்தில் ஒட்டும். மூக்கு வழியாகக் கொடுத்த கைட்டோசான் துகள் எலியின் மூச்சுக்குழல் செல்களில் மரபணுவை முடக்கியதை டென்மார்க் குழு ஒன்று 2006இலேயே காட்டியிருக்கிறது. என் மாணவி கைட்டோசான் என்றது சும்மா அல்ல. ஆனால் அது இயற்கைப் பொருள், மூட்டைக்கு மூட்டை மூலக்கூறு எடை மாறும், ரத்தத்தின் பிஹெச்சில் சரியாகக் கரையாது. நரம்பு வழிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மூச்சு வழி: எல்லோருக்கும் முதலில் தோன்றுவது

நுரையீரல் நோய், நுரையீரலுக்குத் திறந்த வாசல் இருக்கிறது, நெபுலைசரில் போட்டு இழுத்தால் போதாதா? கல்லீரலும் வேண்டாம், சிறுநீரகமும் வேண்டாம். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் தமாரா மிங்கோவின் குழு எலிகளில் காட்டியதும் இதைத்தான். எஸ்ஐஆர்என்ஏவும் கீமோ மருந்தும் ஏற்றிய துகளை நரம்பில் கொடுத்தபோது மற்ற உறுப்புகளுக்குச் சிதறியது, மூச்சில் கொடுத்தபோது பெரும்பாலும் நுரையீரலிலேயே தங்கியது. மூச்சில் இழுக்கும் லிப்பிட் உறை மருந்து ஒன்று நடைமுறையிலும் இருக்கிறது: காசநோயல்லாத மைக்கோபாக்டீரியத் தொற்றுக்கு 2018இல் அமெரிக்காவில் வந்த அமிகாசின் லிப்போசோம்.

இருந்தும் புற்றுக்கு இந்த வழியில் நான் தயங்குகிறேன். இந்தக் காரணத்தை எத்தனை திட்டங்களில் தேடியும் நான் பார்த்ததில்லை: நெபுலைசர் மருந்து காற்று போகும் இடத்துக்குத்தான் போகும். கட்டி ஒரு மூச்சுக்குழலை அடைத்திருந்தால் அதற்குப் பின்னால் காற்றே போகாது. எங்கே மருந்து மிக வேண்டுமோ அங்கே மிகக் குறைவாகவும், நன்றாக இருக்கும் மற்ற மடல்களுக்கு மிக அதிகமாகவும் போய்ச் சேரும். புகைபிடித்த நோயாளிக்குக் கூடவே சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்தால் இன்னும் மோசம். நுரையீரல் புற்று பெரும்பாலும் முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது. நிணநீர்க் கணுவிலும் எலும்பிலும் மூளையிலும் உள்ள கட்டியை மூச்சு எட்டாது.

அடுத்து, துகள் நெபுலைசரைத் தாங்க வேண்டும். ஆழமான காற்றறைகளுக்குப் போக 1 முதல் 5 மைக்ரோமீட்டர் துளி வேண்டும். அந்தத் துளியாக்கும் அதிர்வு லிப்பிட் துகளை உடைத்து ஒட்ட வைத்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் அந்த நீலப் பளபளப்பு நீரை நெபுலைசரில் ஊற்றி, வெளியே வந்த ஆவியைக் குளிர்ந்த குழாயில் பிடித்துப் பார்த்த அன்று, வடித்த கஞ்சி மாதிரி வெண்மையாக இறங்கியது. உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது வேறு. பெக் அளவையும் கரைசலின் உப்பையும் மாற்றி அதைச் சரிசெய்ய ஒரு பருவம் முழுக்கப் போனது.

மனிதரில் நடந்தவையும் எச்சரிக்கையாகவே இருக்கின்றன. நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கு எதிராக உறையில்லாத எஸ்ஐஆர்என்ஏவை, நுரையீரல் மாற்று செய்துகொண்டவர்களுக்கு மூச்சில் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் கட்டச் சோதனை அதன் முதன்மை இலக்கை எட்டவில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய்க்காக ஏரோஹெட் நிறுவனம் கொண்டுவந்த மூச்சுவழி எஸ்ஐஆர்என்ஏவை, எலியின் நுரையீரலில் அழற்சி தென்பட்டதும் 2021இல் அவர்களே நிறுத்தி வைத்தார்கள். அழற்சியில் நுரையீரல் சட்டென்று கொந்தளிக்கும் உறுப்பு. திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டிய புற்று மருந்துக்கு இது முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எங்கே பொருந்தும்? கட்டி மூச்சுக்குழல் சுவரிலேயே இருந்து, பரவாமல், குழல் திறந்திருந்தால். அறுவைக்குப் பின் அதே பகுதியில் மீண்டும் வராமல் தடுக்கவும் யோசிக்கலாம். குறுகிய இடம்தான், ஆனால் அந்த இடத்தில் நரம்பு வழியால் இதோடு போட்டியிட முடியாது.

எக்சோசோம், தங்கம், சிலிக்கா

எக்சோசோம் என்பது செல்களே வெளியிடும் நுண்பை. எம்டி ஆண்டர்சனில் ரகு கல்லுரி என்ற ஆய்வாளரின் குழு 2017இல், கேராஸ் ஜி12டி-க்கான எஸ்ஐஆர்என்ஏவை இதில் ஏற்றி எலிகளின் கணையப் புற்றில் நல்ல பலன் கண்டது. பையின் மேல் உள்ள சிடி47 புரதம் விழுங்கி செல்களை விலக்கி வைக்கிறது. மனிதச் சோதனை கணையப் புற்றில்தான் தொடங்கியது. அழகான யோசனை. ஆனால் ஒரு நோயாளிக்கு வேண்டிய அளவு பைகளைச் செய்ய எத்தனை லிட்டர் செல் வளர்ப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஒரு பிஎச்டி காலத்துக்குள் அடங்காது. தங்கத் துகளில் எஸ்ஐஆர்என்ஏவை ஒட்டி மூளைக்கட்டி நோயாளிகள் எட்டுப் பேருக்குக் கொடுத்த சோதனை உண்டு, துகள் கட்டியைச் சேர்ந்தது. தங்கம் உடம்பை விட்டு எளிதில் போகாது என்பதால் மாதக் கணக்கில் கொடுக்க வேண்டிய சிகிச்சைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நுண்துளை சிலிக்காவும் ஏறக்குறைய அப்படியே.

மறக்கக் கூடாத ஒரு சோதனை

எந்தத் தாங்கியைத் தேர்ந்தாலும் எம்ஆர்எக்ஸ்34 என்ற மருந்தின் சோதனையைப் படித்துவிட்டுத் தேருங்கள். எம்ஐடி எலியில் வேலை செய்த அதே மிர்-34ஏ, வேறொரு லிப்போசோம் உறையில், பல வகைப் புற்று நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் தடுப்பாற்றல் மண்டலம் கொந்தளித்து, சிகிச்சையின் விளைவாகவே சிலர் உயிரிழந்தார்கள். 2016இல் சோதனை நின்றது. டெக்சாமெத்தசோன் முன்கூட்டியே கொடுத்தும் இப்படி ஆனது.

காரணம் உறையா, உள்ளே இருந்த ஆர்என்ஏவா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. இரட்டை இழை ஆர்என்ஏவைப் பார்த்தால் உடம்பு வைரஸ் என்று நினைக்கும், டிஎல்ஆர் என்ற உணரிகள் அதற்காகவே இருக்கின்றன. லிப்பிட் துகள் அந்த ஆர்என்ஏவை உணரிகள் இருக்கும் எண்டோசோமுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆகையால் 2'-ஓ-மெத்தில் போன்ற வேதி மாற்றம் இல்லாத எஸ்ஐஆர்என்ஏவை விலங்குக்கே கொடுக்கக் கூடாது என்பது என் ஆய்வகத்தில் விதி. மாற்றிய ஆர்என்ஏ விலை அதிகம்தான். மாணவர்கள் மிச்சம் பிடிக்க நினைக்கும் முதல் இடமும் அதுதான், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். மாற்றாத ஆர்என்ஏவால் கட்டி சுருங்கினால், மரபணு முடங்கியதாலா, தடுப்பாற்றல் எழுந்ததாலா என்று பிரித்துச் சொல்லவும் முடியாமல் போகும்.

அப்படியானால் எதை எடுப்பது

பரவிய கேராஸ் நுரையீரல் புற்று என்றால் என் தேர்வு நரம்பு வழி லிப்பிட் துகள். அமிலத்தில் மின்னூட்டம் பெறும் லிப்பிடை அடித்தளமாக வைத்து, நுரையீரலுக்குத் திருப்பும் மாற்றத்தை அளவாகச் சேர்க்க வேண்டும். பெருமளவில் தயாரிப்பது எப்படி என்று உலகத்துக்கே தெரிந்த தாங்கி இது ஒன்றுதான். பாட்டிசிரான் முதல் தடுப்பூசி வரை அதன் நல்லதும் கெட்டதும் பதிவாகியிருக்கின்றன. தோற்றால்கூட ஏன் தோற்றது என்று கண்டுபிடிக்க முடியும். ரத்தம் உறைகிறதா என்ற சோதனையைக் கடைசி வருஷத்துக்கு ஒதுக்காமல் முதல் வருஷத்திலேயே செய்துவிட வேண்டும்.

கீமோ மருந்தையும் எஸ்ஐஆர்என்ஏவையும் ஒரே துகளில் சேர்த்துக் கொடுப்பதுதான் ஆய்வின் மையம் என்றால் பாலிமர்–லிப்பிட் கலப்பைப் பார்க்கலாம். மூச்சுக்குழலோடு நிற்கும் கட்டி என்றால் நெபுலைசர், அதில் கைட்டோசானுக்கும் இடமுண்டு. இந்த மூன்றில் எதுவானாலும், கட்டி நுரையீரலிலேயே முளைத்த எலியில் செய்யுங்கள். முழு உறுப்பை அரைக்காமல் கட்டி செல்லையும் ரத்தக்குழாய் செல்லையும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் கேராஸ் எவ்வளவு குறைந்தது என்று அளந்து காட்டுங்கள். எழுத்து வரிசையைக் குலைத்த போலி எஸ்ஐஆர்என்ஏவை அதே துகளில் ஏற்றிய குழு ஒன்று பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதுவரை ஒப்புதல் பெற்ற எஸ்ஐஆர்என்ஏ மருந்துகள் எல்லாம் கல்லீரலில் வேலை செய்பவை, புற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் இன்று உங்கள் முன்னால் உள்ள முடிவு வேறு. கட்டித் திசுவில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1, கேராஸ் திரிபுகளைப் பார்த்தார்களா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். ஈஜிஎஃப்ஆர் திரிபு இந்திய நோயாளிகளில் குறைவல்ல, அதற்கு ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. "நானோ மரபணு சிகிச்சை" என்று யாராவது பணம் கேட்டால், அந்தச் சோதனையின் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் மருத்துவச் சோதனைகளை அந்தப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். எண் சொல்ல மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாணவி நேற்று திட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். முதல் பக்கம் புதிதாக இருந்தது: மூன்றாம் நிலை அடினோகார்சினோமா, கேராஸ் ஜி12டி, நுரையீரலின் வெளி விளிம்பு, நிணநீர்க் கணுவில் பரவல். செல்கள் ஏ427. கைட்டோசான் என்ற சொல்லை அவளே அடித்திருந்தாள். ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்வி: "டோட்டாப் எவ்வளவு வரை ஏத்தலாம், ரத்தம் உறையாம?" அதற்கு எலியில் மூன்று அளவு, ஒவ்வொன்றிலும் ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் சோதனை என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். லிப்பிட் ஆர்டர் இன்று காலை போய்விட்டது.